ஒரே கம்ப்யூட்டர், ஆறு பேர் ஜிமெயில்: ஒருவர் மெயில் இன்னொருவர் கண்ணில் படாமல் வைப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்து உழவர் சங்க அலுவலகம். இருப்பது ஒரே கம்ப்யூட்டர்: ஐ3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, ஆன் செய்தால் நேரே டெஸ்க்டாப். குரோமில் செயலாளர், பொருளாளர் உட்பட ஆறு பேருடைய சொந்த ஜிமெயில் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திறந்தே கிடக்கிறது. இது போக, சம்பா காப்பீட்டு நேரத்திலும் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்ப நேரத்திலும் உறுப்பினர்கள் வந்து அவரவர் மெயிலைத் திறந்து பிரிண்ட் எடுக்கிறார்கள்.

இப்போது நடப்பவை: ஒருவர் அனுப்பும் மெயில் இன்னொருவர் முகவரியிலிருந்து போகிறது. கூகுள் ஃபார்மைத் திறந்தால் எப்போதும் செயலாளர் பெயரில்தான் திறக்கிறது. வயதானவர்களின் பாஸ்வேர்டு எல்லாம் மேஜை டிராயரில் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது. சிலருக்கு ஓடிபி சிங்கப்பூரிலும் துபாயிலும் உள்ள மகனுக்குப் போகிறது.

புது மெஷின் வாங்கப் பணமில்லை. குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். போதுமா?

குடமுருட்டி:

போதாது. குரோம் புரொஃபைல் என்பது வரப்பு மாதிரி. எது யார் வயல் என்று காட்டும், தாண்டி வருகிறவனைத் தடுக்காது. வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் யாருடைய புரொஃபைலையும் திறக்கலாம். அதற்குத் தனிப் பூட்டு இல்லை. குரோம் சேமிக்கும் பாஸ்வேர்டுகளை விண்டோஸ் யூசரின் சாவியை வைத்துத்தான் மறைத்து வைக்கிறது. ஆறு புரொஃபைலும் ஒரே விண்டோஸ் யூசருக்குள் இருந்தால் ஆறுக்கும் ஒரே சாவி. உங்கள் மெஷினில் அந்த யூசருக்கே பாஸ்வேர்டு இல்லை என்பதால், சேமித்த பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் குரோம் எதுவும் கேட்காமல் காட்டிவிடும்.

பூட்டு விழவேண்டிய இடம் விண்டோஸ் யூசர். ஆறு பேருக்கும் தனித்தனி யூசர் போடுங்கள்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மெயில் முகவரி கேட்கும் திரையில் எதையும் அடிக்காமல், ‘இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை’ என்ற பொருளில் கீழே உள்ள வரியைத் தட்டுங்கள். அடுத்த திரையில் ‘மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்’ என்ற பொருளில் ஒரு வரி வரும், அதைத் தட்டுங்கள். பெயர், பாஸ்வேர்டு, மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். பாஸ்வேர்டை அந்தந்த ஆளே உட்கார்ந்து அடிக்கட்டும், நீங்கள் எழுந்து நில்லுங்கள். பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் தரவேண்டியதில்லை, தரவும் கூடாது. பிறந்த ஊர் எது, முதலில் வளர்த்த பிராணியின் பெயர் என்ன என்பதெல்லாம் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை மூன்றுக்கும் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிச் சேர்க்கும் யூசர் ‘ஸ்டாண்டர்ட்’ ஆகத்தான் உருவாகும், அப்படியே விடுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று ஒன்று மட்டும் தனியாக இருக்கட்டும். சாஃப்ட்வேர் போட, பிரிண்டர் சேர்க்க மட்டும் அது. அந்த யூசரில் யாருடைய மெயிலையும் திறக்கக் கூடாது.

இதில் சிக்கல் வருகிற இடங்கள் சில உண்டு.

வேலை முடிந்ததும் ‘ஸ்விட்ச் யூசர்’ போட்டுவிட்டு எழுந்தால் முந்தையவரின் குரோம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று பேர் அப்படி விட்டுப் போனால் 8 ஜிபி மூச்சுத் திணறும். முழுதாக ‘சைன் அவுட்’ செய்யவேண்டும். டீ குடிக்கப் போகிற இடைவெளிக்கு விண்டோஸ் பொத்தானும் எல்-லும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். மறப்பவர்களுக்கு, ஸ்கிரீன் சேவரை மூன்று நிமிடம் வைத்து, அதிலிருந்து மீளும்போது லாகான் திரை வரும்படி டிக் செய்யுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை போட்டிருந்தால், லாகின் திரையிலும் அது நிற்கக்கூடும். பாஸ்வேர்டு சரியாகவே அடித்தும் தவறு என்று வரும். மூலையில் தெரியும் மொழிக் குறியைப் பாருங்கள், விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

யாராவது விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்துவிட்டால், முதலில் அந்தப் பாதுகாப்புக் கேள்வி வழியாக மீட்கப் பாருங்கள். அட்மின் உள்ளே போய் மாற்றிக் கொடுத்தால் லாகின் ஆகும், ஆனால் அந்த யூசரின் மறைப்புச் சாவி பழைய பாஸ்வேர்டோடு கட்டப்பட்டிருப்பதால் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகும், மெயிலில் மறுபடி லாகின் ஆகவேண்டியிருக்கும். மெயில் கூகுளிடம் பத்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் நினைத்தால் மற்றவர்களின் ஃபோல்டருக்குள் போக முடியும். ஆகவே அந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பது சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்கட்டும்.

அரசலாறு:

குடமுருட்டி அண்ணன் சொன்னது நிரந்தர ஆறு பேருக்குச் சரி. வந்து போகிறவர்களுக்கு ஆளுக்கொரு யூசர் போட்டு மாளாது. அவர்களுக்கென்று ‘பொது’ என்று இன்னொரு ஸ்டாண்டர்ட் யூசர் வையுங்கள். அதில் குரோமைக் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானில் ரைட் கிளிக், பிராபர்ட்டிஸ், டார்கெட் என்ற பெட்டி. அதில் இருப்பதன் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஒரு இடைவெளி விட்டு இரண்டு கழித்தல் குறி போட்டு, ஒட்டினாற்போல் கெஸ்ட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து ஓகே கொடுங்கள். டாஸ்க்பாரில் உள்ள பழைய குரோம் ஐகானை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் கை அங்கேதான் போகும்.

கெஸ்ட் சன்னலை மூடினால் லாகின், ஹிஸ்டரி, குக்கீ எல்லாம் போய்விடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எல்லாக் கெஸ்ட் சன்னல்களும் மூடினால்தான் போகும். முன்னவர் திறந்த ஒரு சன்னல் கீழே சுருங்கிக் கிடந்தால், அடுத்தவர் திறக்கும் புது சன்னலிலும் முன்னவரின் ஜிமெயில் நேரே திறக்கும். இன்காக்னிட்டோவிலும் இதே கதைதான். ஆள் மாறும்போது டாஸ்க்பாரில் குரோம் முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண குரோம் பயன்படுத்துகிற ஆறு பேரும் ‘ஆன் ஸ்டார்ட்-அப்’ பகுதியில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து மாற்றவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் நம்முடையது. அந்தத் தேர்வு இருந்தால், மூடியதும் அழியவேண்டிய தற்காலிக லாகின்கூட உயிரோடு திரும்பி வரும், விண்ணப்பத் தளங்கள் உட்பட.

மெயிலைவிட எனக்குப் பெரிய கவலை டவுன்லோட்ஸ் ஃபோல்டர். கெஸ்ட் சன்னலை மூடினாலும் இறக்கிய கோப்பு அழியாது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், ஆதார் பிடிஎஃப் எல்லாம் அங்கே குவியும். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. ஊர்க்காரர் யாரும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவார். ‘பொது’ யூசரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ் போய் அதை ஆன் செய்து, ‘எவ்ரி டே’ ஓடும்படி வைத்து, டவுன்லோட்ஸுக்கு ‘1 டே’ என்று தேர்ந்தெடுங்கள். அது ஒரு பாதுகாப்பு வலை மட்டும்தான். பிரிண்ட் எடுத்தவுடன் ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழிப்பதே முறை. வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பேப்பர் சிக்கி நின்ற பிரிண்டும் வரிசையில் காத்திருக்கும், பேப்பர் வைத்ததும் அடுத்தவர் முன்னால் வந்து விழும். அதையும் கேன்சல் செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அவர் போனிலேயே ‘லிங்க்ட் டிவைசஸ்’ போய் லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள்.

பாமணியாறு:

இவ்வளவு எதற்கு? தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரைப் போட்டு, ஆறு கணக்கையும் ஐமேப்பில் (மெயில் சர்வரோடு இணைக்கும் முறை) சேர்த்து, ‘பிரைமரி பாஸ்வேர்டு’ வைத்துவிட்டால் ஒரே இடத்தில் முடிந்துவிடுமே. இன்டர்நெட் போனாலும் பழைய மெயில் படிக்கலாம்.

குடமுருட்டி:

தம்பி, ஒருவரே தன் ஆறு கணக்கைப் பார்க்க அது அருமையான வழி. ஆறு பேர் அந்தரங்கத்துக்கு அது நேர் எதிர். பிரைமரி பாஸ்வேர்டு காப்பது சேமித்த லாகின் விவரங்களை மட்டும். இறக்கி வைத்த மெயில்கள் ரோமிங் ஃபோல்டருக்குள் தண்டர்பேர்ட் புரொஃபைலில் மறைப்பே இல்லாத எழுத்துக் கோப்பாகக் கிடக்கும். நோட்பேடில் திறந்தாலே பாதி படிக்கலாம். அந்தப் பிரைமரி பாஸ்வேர்டும் ஆறு பேருக்கும் ஒன்றே. ஒருவர் திறந்தால் ஆறும் திறக்கும்.

தண்டர்பேர்ட் வேண்டுமென்றால் அவரவர் விண்டோஸ் யூசருக்குள் அவரவர் கணக்கு மட்டும் சேர்க்கலாம். பழைய மாதிரி ஜிமெயில் பாஸ்வேர்டை நேரே கொடுத்தால் ஏற்காது. கூகுள் அதை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. பாஸ்வேர்டைத் தண்டர்பேர்டிடம் கொடுக்காமல் கூகுளிடமே லாகின் ஆகும் ‘ஓஆத்2’ முறையைத் தேர்ந்தெடுத்தால் கூகுளின் லாகின் சன்னல் வரும்.

விண்டோஸோடு வரும் புது அவுட்லுக்கையும் கவனித்துச் சேர்க்கவேண்டும். வெளி மெயிலைச் சேர்த்தால் அது மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாகச் சுற்றி வருகிறது, ஒப்புதல் கேட்கும் திரையைப் படிக்காமல் தட்டிவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஏதாவது சேர்க்கும்போது ‘இந்தக் கணக்கை இந்தக் கம்ப்யூட்டர் முழுவதும் பயன்படுத்தவா’ என்று கேட்டால் ‘இந்த ஆப்பில் மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். வயதானவர்களுக்குத் தட்டச்சு வராது, நாங்கள்தான் மெயில் பார்த்துச் சொல்லவேண்டும். நோட்டில் பாஸ்வேர்டு இல்லாமல் அது எப்படி? இன்னொன்று, இதுவரை கலந்து கிடப்பதை எந்த வரிசையில் பிரிப்பது?

கோரையாறு:

முதல் சந்தேகத்துக்கு, ஜிமெயிலிலேயே அதற்கான வசதி இருக்கிறது, ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை. பெரியவரின் ஜிமெயிலை ஒருமுறை அவர் முன்னிலையில் கம்ப்யூட்டரில் திறந்து, பல்சக்கரக் குறி, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்’, ‘கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்’ போய், யார் பார்த்துச் சொல்லப் போகிறாரோ அவர் ஜிமெயில் முகவரியைச் சேர்க்கவேண்டும். அவருக்கு ஒரு அழைப்பு மெயில் போகும், ஒரு வாரத்துக்குள் ஏற்கவேண்டும். ஏற்ற பிறகும் செயலுக்கு வர ஒரு நாள் வரை ஆகலாம், உடனே வரவில்லை என்று மறுபடி மறுபடி சேர்க்காதீர்கள். அதன் பிறகு உதவியாளர் தன் பாஸ்வேர்டில் நுழைந்து, பெரியவரின் மெயிலைத் தனி டேபில் படிக்கலாம், பதில் அனுப்பலாம். பெரியவரின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. வேண்டாம் என்றால் பெரியவர் எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். சாதாரண ஜிமெயிலில் இப்படிப் பத்துப் பேர் வரை சேர்க்கலாம், உங்களுக்கு ஒருவர் போதும். திறந்து படித்தாலும் ‘படிக்காதது’ என்றே நிற்கும்படி வைக்கும் தேர்வும் அங்கேயே உண்டு. பிள்ளைகள் வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது உதவும்.

ஒரு எச்சரிக்கை. மெயிலைப் படிக்க முடிந்தவரால், ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று தட்டி அந்த மெயிலுக்கு வரும் இணைப்பைக் கொண்டு வேறு தளக் கணக்குகளைக் கைப்பற்ற முடியும். ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதைப் பெரியவரே முடிவு செய்யவேண்டும், சங்கம் அல்ல.

அந்த நோட்டு உங்களுக்குத்தான் அதிக ஆபத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி: பிறர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கில் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும், ஏதாவது நடந்தால் முதல் விரல் நோட்டு வைத்திருப்பவரை நோக்கித்தான் நீளும். எல்லோரும் புதுப் பாஸ்வேர்டு போட்ட பிறகு அந்த நோட்டை எரித்துவிடுங்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் வீட்டில், பத்திரம் வைக்கிற பெட்டியில் எழுதி வைக்கட்டும். போன் நம்பர், பிறந்த ஆண்டு, குலதெய்வம் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும்.

ஓடிபி வெளிநாட்டுக்குப் போவதற்கு: கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு ஆன் செய்திருந்தால் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுக்கலாம். பத்து எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். பிரிண்ட் எடுத்துப் பெரியவர் கையிலேயே கொடுங்கள், அலுவலகத்தில் நகல் வேண்டாம். பயன்படுத்தியதை அடித்துவிடச் சொல்லுங்கள். புதிதாகப் பத்து எடுத்தால் பழையவை செல்லாது. லாகினின்போது ‘இந்தக் கம்ப்யூட்டரில் மறுபடி கேட்காதே’ என்ற டிக்கை எடுத்துவிடவேண்டும். ‘பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரிலேயே வைக்கும் சாவி) உருவாக்கவா’ என்று கேட்டால் பொதுக் கம்ப்யூட்டரில் ஒருபோதும் வேண்டாம், அந்த யூசரைத் திறக்கத் தெரிந்தவர் எல்லாம் அந்த மெயிலுக்குள் போய்விடுவார்.

வெளிநாடு போனவரின் இந்திய சிம்தான் மீட்பு எண் என்றால் கூடுதல் கவனம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண்ணைத் துண்டிக்கலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகும். பெரியவரின் மெயில் மீட்பு எண் முகம் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேரும். உள்ளூரில் உயிரோடு இருக்கிற எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதற்காக அலுவலக எண்ணையோ செயலாளரின் மெயிலையோ எல்லோருக்கும் மீட்பு முகவரியாகப் போடாதீர்கள், அது நோட்டு வைத்திருப்பதற்குச் சமம்.

காப்பீட்டுக்கு மட்டும் மெயில் தொடங்கிவிட்டு மறந்தவர்கள் இருப்பார்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத கணக்கை மெயில்களோடு நீக்கலாம் என்பது கூகுளின் விதி, 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. மேட்டூர் திறக்கிற ஜூன் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அரசலாறு:

வரிசையை நான் சொல்கிறேன், இதில் முன்பின் ஆனால் கெட்டுப்போகும்.

எதையும் அழிப்பதற்கு முன், அலுவலக குரோம் யாருடைய கணக்கில் ‘சிங்க்’ ஆகிறது, அதாவது அதில் சேமிப்பவை யாருடைய கூகுள் கணக்குக்குப் போகின்றன என்று பாருங்கள். கூகுள் ஃபார்ம் எப்போதும் செயலாளர் பெயரில் திறக்கிறது என்றால், அந்த பிரவுசரில் முதலில் லாகின் ஆனவர் அவர், அதனால் அவர் கணக்குதான் முதன்மை. சிங்க்கும் அவர் பெயரில் இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் ‘சேவ்’ தட்டிய அனைவரின் பாஸ்வேர்டும் அவருடைய கூகுள் கணக்குக்குப் போய், அவர் போனிலும் உட்கார்ந்திருக்கும். அவர் கேட்டு வந்ததல்ல, ஆனால் இருக்கும். அவர் தன் போனில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து மற்றவர்களுடையதை நீக்கவேண்டும்.

மற்றவர்கள் அவரவர் போனில் கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றி, ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் அலுவலகக் கம்ப்யூட்டரை சைன் அவுட் செய்யட்டும். போன் இல்லாதவர்கள் கெஸ்ட் சன்னலில் செய்யலாம். பாஸ்வேர்டு மாற்றியதோடு விடாதீர்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் பாருங்கள். யாரோ ஒருநாள் போட்ட ஃபார்வர்டு, பாஸ்வேர்டு மாறினாலும் மெயிலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மீட்பு எண், மீட்பு மெயிலும் பாருங்கள்.

அதன் பிறகு பழைய குரோம் புரொஃபைலை மொத்தமாக நீக்குங்கள். உள்ளே போய்ப் பாஸ்வேர்டு, புக்மார்க் என்று ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். சிங்க் ஆனில் இருந்தால் அங்கே அழிப்பது செயலாளரின் போனிலும் அழியும், அவருடைய சொந்தப் பாஸ்வேர்டுகளும் சேர்ந்து போகும். புரொஃபைலை நீக்கினால் இந்தக் கம்ப்யூட்டரில் உள்ளது மட்டும் போகும்.

கடைசியாகப் புது விண்டோஸ் யூசர்கள். ஒவ்வொருவர் குரோமிலும் செட்டிங்ஸின் ‘யூ அண்ட் கூகுள்’ பகுதியில் ‘அலவ் குரோம் சைன்-இன்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். மெயில் திறந்தாலும் பிரவுசர் அதோடு ஒட்டிக்கொள்ளாது. ஒரு யூசரில் ஒரே ஒரு ஜிமெயில்தான் என்று ஆகிவிட்டால் தவறான முகவரியிலிருந்து போகிற பிரச்சினை தானாகத் தீரும். எல்லோரும் பார்க்கவேண்டிய சங்கக் கோப்புகளுக்கு ‘பப்ளிக்’ ஃபோல்டர் இருக்கிறது, எந்த யூசரிலிருந்தும் திறக்கும். ஸ்கேனர் அங்கேதான் சேமிக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் உறுப்பினரின் ஆதார் ஸ்கேன் எல்லோர் கண்ணிலும் படும், இடத்தை மாற்றிவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

தெளிவாகிவிட்டது. சிங்க் செயலாளர் கணக்கில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஸ்கேனரும் பப்ளிக் ஃபோல்டரில்தான் போடுகிறது. கடைசியாக ஒன்று: மூலையில் ஒரு பழைய விண்டோஸ் 10 மெஷின் கிடக்கிறது, 4 ஜிபி ராம். வந்து போகிறவர்களுக்கு அதை விடலாமா?

குடமுருட்டி:

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதே நிலையில் பொதுமக்கள் பாஸ்வேர்டு அடிக்க விடவேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியில் நன்றாக ஓடும். அதில் ‘லாகின் விண்டோ’ அமைப்பில் கெஸ்ட் செஷனை அனுமதிக்கலாம். லாக் அவுட் ஆனதும் மெயில் லாகின் மட்டுமல்ல, அந்தக் கெஸ்ட் ஃபோல்டரில் இறக்கிய ஆதாரும் சிட்டாவும் சேர்ந்தே அழியும். அரசலாறு கவலைப்பட்ட டவுன்லோட்ஸ் குவியல் அங்கே இருக்காது. முதலில் 8 ஜிபி பென்டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டி, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். கைரேகைக் கருவி வைத்திருந்தால் அதை விண்டோஸ் 11 மெஷினிலேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவற்றுக்கு விண்டோஸ் டிரைவர்தான் வரும்.